தூசி தட்டிப் பார்க்க வேண்டிய ஐந்து கம்ப்யூட்டர் விளையாட்டுகள்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வருவது அதே நாலைந்து பெயர்கள்தான். பாக்மேன், டெட்ரிஸ், மரியோ, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டூம். இவற்றை யாரும் மறக்கவில்லை. மறக்கவும் விடமாட்டார்கள். பனியனிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்றுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது இல்லை.

வெளிவந்தபோது சரியாக விற்காமலோ, விற்றும் அடுத்த தலைமுறைக்கு வந்து சேராமலோ போன விளையாட்டுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அதில் பெரும்பாலானவை போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சிலவற்றை மட்டும் அப்படி விட மனசு வராது. ஒரு புது யோசனையைத் துணிந்து செய்து பார்த்தவை அவை. பின்னால் வந்தவர்கள் அந்த யோசனையில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட ஐந்து விளையாட்டுகள் இங்கே. படங்கள் கரடுமுரடாக இருக்கும். ஒன்றில் படமே கிடையாது! அதற்காக ஓடிவிடாதீர்கள்.

1. ம்யூல் (1983)

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்றொரு சின்னக் குழு இருந்தது. அதன் தலைமை வடிவமைப்பாளர் டானியல் பண்டன் பெர்ரி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஆரம்ப காலத்தில் வெளியிட்ட விளையாட்டுகளில் ஒன்று இவர்கள் செய்த ம்யூல். அன்றைய அட்டாரி 800 கம்ப்யூட்டரில் ஜாய்ஸ்டிக் செருக நான்கு இடங்கள் உண்டு. அதைப் பார்த்ததும் நான்கு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுவதுபோல் ஒரு விளையாட்டைச் செய்துவிட்டார்கள்.

இராட்டா என்ற கிரகத்தில் நான்கு பேர் குடியேறுகிறார்கள். (அட்டாரியை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் இராட்டா!) ஆளுக்கொரு நிலம் பிடித்து, ஒரு இயந்திரக் கோவேறு கழுதையை விலைக்கு வாங்கி, அதை ஓட்டிக்கொண்டு போய் நிலத்தில் கட்ட வேண்டும். அது உணவு விளைவிக்கும், அல்லது மின்சக்தி தயாரிக்கும், அல்லது தாது தோண்டும். எதைச் செய்யச் சொல்வது என்பது உங்கள் இஷ்டம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். உணவு குறைந்தால் அடுத்த சுற்றில் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறையும். மின்சக்தி குறைந்தால் கழுதைகள் சரியாக ஓடாது. தாதுவை யாரும் கடைக்கு விற்கவில்லை என்றால் கடையில் புதுக் கழுதை செய்ய வழியில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்துகொள்ள முடியாது. ஆக, அடுத்தவரிடம் போய் நின்றே ஆக வேண்டும்.

அப்படிப் போய் நிற்கும் இடம் சந்தை. இந்த விளையாட்டின் உயிரே அதுதான். திரையின் மேல்பக்கம் விற்பவர்கள், கீழ்ப்பக்கம் வாங்குபவர்கள். வாங்குபவர் ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் அவர் கேட்கும் விலை ஏறுகிறது. விற்பவர் கீழே இறங்கினால் அவர் சொல்லும் விலை குறைகிறது. இருவரும் சந்திக்கும் இடத்தில் சரக்கு கைமாறுகிறது. நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும். "இறங்கு, இறங்கு" என்று ஒருவர் கத்த, மற்றவர் நின்ற இடத்திலேயே நின்று வெறுப்பேற்ற... பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் மண்டையில் ஏறாத தேவை-அளிப்பு விஷயம் இங்கே பத்து நிமிடத்தில் ஏறிவிடும்.

இன்னொரு நுணுக்கம். எதிர்பாராமல் வரும் நல்ல சம்பவங்கள் முதலிடத்தில் இருப்பவருக்கு வராது. கெட்டவை கடைசி இடத்தில் இருப்பவருக்கு வராது. சமமாகப் போட்டியிட்டால் பின்தங்கியவருக்கே சாதகம். ஆட்டம் முடியும்போது யார் பணக்காரர் என்று மட்டும் பார்ப்பதில்லை. குடியேற்றம் மொத்தமும் எப்படி இருக்கிறது என்றும் தீர்ப்பு வரும். அடுத்தவர்களை நசுக்கி முதலிடம் பிடித்தவருக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

இத்தனை இருந்தும் விற்றது சுமார் 30,000 பிரதிகள்தான். பல வருடம் கழித்து சேகா ஜெனசிஸ் கருவிக்கு இதைக் கொண்டுவரும் பேச்சு வந்தபோது துப்பாக்கி, குண்டு எல்லாம் சேர்க்கச் சொன்னார்கள். பண்டன் மறுத்துவிட்டார், திட்டம் நின்றுபோனது. அவர் 1998ல் காலமானார். 2000ல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற 'தி சிம்ஸ்' விளையாட்டை வில் ரைட் அவருடைய நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார்.

2. லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள் (1985)

சிம்ஸ் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்ப்யூட்டருக்குள் ஒரு வீடு, அதில் ஒரு மனிதர், அவரைக் கவனித்துக்கொள்வது உங்கள் வேலை என்ற யோசனையை அதற்கு பதினைந்து வருடம் முன்பே ஆக்டிவிஷன் செய்துவிட்டது. ரிச் கோல்டின் யோசனையிலிருந்து இதை விளையாட்டாக்கியவர், 'பிட்ஃபால்' செய்து புகழ்பெற்ற டேவிட் கிரேன்.

திரையில் குறுக்காக வெட்டிய ஒரு மூன்று மாடி வீடு. முதலில் காலி. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வந்து கதவைத் திறந்து, மாடி மாடியாகப் போய்ப் பார்க்கிறார். பிடித்துப்போனதும் பெட்டியோடும் ஒரு நாயோடும் குடிவந்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. ஜெயிப்பது, தோற்பது என்ற பேச்சே இல்லை.

அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் முகம் பச்சையாகி உடம்புக்கு வந்துவிடும். நீங்கள் தட்டச்சு செய்து கேட்டால் பியானோ வாசிப்பார். மனசிருந்தால்தான்! சீட்டாட அழைப்பார். சில நாள் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து உங்களுக்கே ஒரு கடிதம் எழுதுவார்.

உண்மையான விஷயம் இனிமேல்தான். காமடோர் 64 ஃப்ளாப்பி பதிப்பில், ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு தனி எண். அந்த எண்ணை வைத்து அதில் குடியிருப்பவரின் பெயரும் குணமும் அமையும். ஒரு கடையில் பத்துப் பேர் வாங்கினால் பத்து வீட்டிலும் பத்து வேறு மனிதர்கள். உங்கள் வட்டில் இருப்பவர் உங்கள் வட்டில் மட்டும்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஃப்ளாப்பி என்பது காந்தப் பூச்சு பூசிய ஒரு பிளாஸ்டிக் தகடு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், சும்மா வைத்திருந்தாலே வருடக்கணக்கில் காந்தம் மங்கும். ஒரு வட்டு கெட்டுப்போனால் அந்த விளையாட்டின் ஒரு பிரதி போயிற்று என்று விட்டுவிட முடியாது. அந்த ஒரு ஆளே போய்விட்டார். இன்று யாராவது காப்பாற்றி வைத்த பிரதியை ஓட்டினால் அங்கே நடமாடுபவர், எப்போதோ யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய வட்டில் குடியிருந்தவர். வேறு எந்த விளையாட்டிலும் இந்தச் சின்ன நடுக்கம் வராது.

3. தி சென்டினல் (1986)

இங்கிலாந்துக்காரர் ஜெஃப் கிராமண்ட் பின்னாளில் கார்ப் பந்தய விளையாட்டுகளுக்குப் பேர் போனவர். அவர் இடையில் செய்த விசித்திரம் இது.

சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட மேடு பள்ளமான நிலம். எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில் சென்டினல் என்ற காவலன் நின்று மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் பள்ளத்தில். நடக்க முடியாது. சுட முடியாது. செய்ய முடிந்தது, கண்ணுக்குத் தெரியும் மரங்களை உறிஞ்சிச் சக்தி சேர்ப்பது. அந்தச் சக்தியில் ஒரு பாறையை உருவாக்கி, அதன்மேல் ஒரு ரோபோவை உருவாக்கி, அந்த ரோபோவுக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்வது. பிறகு திரும்பிப் பழைய உடலையும் உறிஞ்சிக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி: மரம் 1, பாறை 2, ரோபோ 3. ஒரு பொருளை உறிஞ்ச வேண்டுமென்றால் அது நிற்கும் கட்டத்தின் தரை உங்களுக்குத் தெரிய வேண்டும். அதாவது அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உயரமே பலம். அதே விதி சென்டினலுக்கும் உண்டு. நீங்கள் நிற்கும் கட்டம் அவன் கண்ணில் பட்டால் உங்கள் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படும். அப்படிப் போன சக்தி வீணாவதில்லை. நிலத்தில் வேறெங்காவது மரமாக முளைக்கும். நிலத்தின் மொத்தச் சக்தி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இயற்பியல் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும்.

ஒருவன் மெதுவாகத் தலையைத் திருப்புகிறான் என்பதை மட்டும் வைத்து இவ்வளவு பயத்தை உண்டாக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. அவன் பார்வை உங்கள் பக்கம் வருவதற்குள் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் மொத்தம் 10,000 நிலங்கள். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் நினைவகமோ 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அதைப்போல் பல மடங்கு பெரியது. அப்புறம் பத்தாயிரம் நிலங்களை எங்கே வைத்தார்கள்? எங்கேயும் வைக்கவில்லை. ஒவ்வொரு நிலத்தின் எண்ணையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் அந்த நிலம் அப்போதைக்கு உருவாகும். எப்போது போட்டாலும் அதே நிலம்.

4. எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங் (1985)

படமே இல்லாத விளையாட்டு இதுதான். இன்ஃபோகாம் நிறுவனம் எழுத்து விளையாட்டுகளுக்குப் பேர் போனது. கம்ப்யூட்டர் நிலைமையை எழுத்தில் சொல்லும், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தட்டச்சு செய்வீர்கள். வழக்கமாக அவை புதிர்களால் நிரம்பியிருக்கும். ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய இந்த விளையாட்டில் புதிர் அநேகமாகக் கிடையாது.

நீங்கள் ஒரு கம்ப்யூட்டர். பெரி சிம் என்ற மனிதனாக ஒரு போலி உலகத்தில் வளர்க்கப்பட்டு, ஒருநாள் "நீ மனிதன் இல்லை" என்று சொல்லப்படுகிறீர்கள். வருடம் 2031. ஒரு செனட்டர் நாட்டைச் சீராக்கப் போவதாக ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறார். அதை அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க, பத்து வருடம் தள்ளி இருக்கும் ஒரு மாதிரி நகரத்துக்குள் உங்களை அனுப்புகிறார்கள். வேலை சுலபம். ஓட்டலில் சாப்பிடு, பேப்பர் படி, கோர்ட்டுக்குப் போ, வீட்டுக்குப் போய் மனைவியோடு இரு. எல்லாவற்றையும் பதிவு செய்து கொண்டு வா.

2041ல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. திட்டம் வெற்றி என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு 2051, 2061 என்று மேலும் மேலும் தள்ளிப் போகிறீர்கள். அதே தெரு, அதே வீடு, அதே குடும்பம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கொஞ்சம் மோசமாகி இருக்கிறது. ஒரு கட்டத்தில் சொந்த மகனே மதவெறிக் கூட்டத்தில் சேர்ந்து தாயைப் பிடித்துக் கொடுக்கிறான். அந்த வீட்டில் பத்து வருடம் முன்னால் நீங்கள் உட்கார்ந்து பேசியது நினைவுக்கு வரும். படமாகக் காட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

1984ல் ரீகன் மறுபடி ஜெயித்த கோபத்தில் மெரட்ஸ்கி இதை எழுதினார். அரசியலில் நீங்கள் எந்தப் பக்கமாகவும் இருந்துவிட்டுப் போங்கள். ஒரு முடிவின் விளைவு முதல் பத்து வருடத்தில் தெரியாமல் போகலாம் என்பதை ஊரைச் சுற்றவைத்தே புரியவைப்பது பெரிய காரியம். இதை ஓட்ட 128 கிலோபைட் நினைவகம் வேண்டியிருந்தது. அன்றைக்கு அதிகமாக விற்ற காமடோர் 64ல் அது இல்லை. ஆகவே வாங்க ஆசைப்பட்ட பலரால் ஓட்ட முடியவில்லை.

5. தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் (1997)

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் பிறகு என்ன செய்தார்? பல வருட உழைப்பையும் ஐம்பது லட்சம் டாலரையும் கொட்டி ஒரு ரயிலைச் செய்தார்.

1914 ஜூலை 24. பாரிஸிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்புகிறது ஓரியண்ட் எக்ஸ்பிரஸ். முதல் உலகப்போருக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. பயணிகள் யாருக்கும் அது தெரியாது. ராபர்ட் காத் என்ற அமெரிக்க டாக்டராக நீங்கள் ஓடும் ரயிலில் ஏறுகிறீர்கள். உள்ளே நண்பர் கொலையாகிக் கிடக்கிறார். ரயிலில் செர்பியப் போராளிகள், ஜெர்மன் ஆயுத வியாபாரி, ஆஸ்திரிய வயலின் கலைஞர், ரஷ்யப் பிரபு, அவருடைய பேத்தி, ஒரு புரட்சிக்காரன். ஐரோப்பாவே ரயில் பெட்டிக்குள் அடைந்து கிடக்கிறது.

மற்ற விளையாட்டுகளில் நீங்கள் போய்த் தொடும்வரை பாத்திரங்கள் பொம்மைபோல் நின்றுகொண்டிருப்பார்கள். இங்கே அப்படியில்லை. ரயிலின் கடிகாரம் நிஜத்தைவிட ஆறு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுப் பெட்டியில் இருவர் ரகசியம் பேசுகிறார்கள். நீங்கள் பக்கத்து மேஜையில் இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் போயிற்று. காத்துக்குத் தெரிந்த மொழியில் பேசினால் மட்டும் கீழே மொழிபெயர்ப்பு வரும். ஒரு கட்டத்தில் பயணிகள் பலரும் கச்சேரி கேட்கப் போய்விடுவார்கள். உட்கார்ந்து இசை கேட்கலாம், நைசாக எழுந்துபோய் அடுத்தவர் அறையைக் குடையலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. தவறு செய்தால் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளலாம்.

நடிகர்களை நீலத்திரை முன் நடிக்கவைத்துப் படம் பிடித்து, அதை அந்தக் காலத்துச் சுவரொட்டி ஓவியம்போல மாற்றியிருக்கிறார்கள். இன்று பார்த்தாலும் அழகு குறையவில்லை.

அப்புறம் ஏன் தோற்றது? வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, வெளியிட்ட புரோடர்பண்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரமே இல்லை. அடுத்த வருடம் அந்த நிறுவனத்தையே இன்னொருவர் வாங்கிவிட்டார். விமர்சகர்கள் கொண்டாடிய விளையாட்டு கடையில் கிடைக்காமல் போயிற்று. 2010களில் மறுபடி விற்பனைக்கு வந்தது.

ஏன் இவற்றைத் தேடிப் போக வேண்டும்?

கவனித்திருப்பீர்கள். இந்த ஐந்தில் மோசமாக இருந்ததால் மறக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. விற்பனை ஆட்கள் போய்விட்டார்கள், நினைவகம் போதவில்லை, ஜாய்ஸ்டிக் நான்கு செருக முடிந்த கம்ப்யூட்டர் அடுத்து வரவில்லை. இப்படிச் சில்லறைக் காரணங்கள்தான்.

மறப்பதாவது பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். அழிவது வேறு. 2023ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகக் கொடுக்க அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

உரிமைக் குழப்பம் இன்னொரு கொடுமை. 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்று 2000ல் வந்த நல்ல விளையாட்டு. கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கியதில், அது இப்போது யாருக்குச் சொந்தம் என்று சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கே தெளிவில்லை. மறுபடி வெளியிடுகிறோம் என்று காசோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விற்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்.

புத்தகம் என்றால் கரையான் அரித்த ஏட்டிலிருந்தும் நாலு வரி மீட்கலாம். விளையாட்டு அப்படியில்லை. அது ஓடினால்தான் விளையாட்டு. ம்யூலின் சந்தையைப் பற்றி மேலே எழுதியதைப் படித்ததால் நீங்கள் அந்தச் சந்தையில் நின்றதாக ஆகாது.

நல்ல வேளை, சிலர் முந்திக்கொண்டார்கள். இன்ஃபோகாம் ஆட்கள் 1979லேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை வடிவமைத்து, தங்கள் விளையாட்டுகளை எல்லாம் அதற்காகவே எழுதினார்கள். அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டரை எந்த இயந்திரத்தில் உருவாக்கினாலும் விளையாட்டு ஓடும். அதனால்தான் அவை இன்று செல்போனில்கூட ஓடுகின்றன. மற்றவற்றுக்கு ஆர்வலர்கள் உழைத்தார்கள். பழைய டாஸ் கம்ப்யூட்டர்போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் 2002ல் வந்தது. காமடோர் 64க்கு வைஸ் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2015 ஜனவரியில் சுமார் 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி வைத்தது.

எதில் ஆரம்பிப்பது? தனியாக இருந்தால் லாஸ்ட் எக்ஸ்பிரஸ். படிக்கப் பிடிக்குமென்றால் மெரட்ஸ்கி. கணக்குப் பிடிக்குமென்றால் சென்டினல். நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், ம்யூல். முதல் பத்து நிமிடம் "இது என்ன கண்றாவிப் படம்" என்று தோன்றும். சந்தை திறக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் படத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள்.